சீட்டில்லாத டப்பா

ஸ்ரீரங்கம்
8 ஜூன் 2024, சனி

பிரேமலதாவுக்கு,

இம்மாதம் மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, நம் வீட்டு ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்வதென்று முடிவெடுக்கப்பட்டது. முடிவெடுத்த கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. மறுநாள் நாடு முழுக்க வோட்டு எண்ணினார்கள். நம் வீட்டில் ஆட்சி அதற்கு முந்தின நாளே, மதியம் பன்னிரண்டே காலுக்குக் கவிழ்ந்துவிட்டது.

போன் செய்யக் கூடாது என்று இளவேனில் மூலம் சொல்லியனுப்பினாய். ஒர்க்‌ஷாப் சுத்தியல் சத்தத்தில் போன காதை வைத்துக்கொண்டு நான் போனில் பேசினால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கே.கே. நகரில் பாதிப் பேருக்கு நம் சண்டை தெரிந்துவிடும் என்பது நியாயமே. ஆனால் கடிதம் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை. மகளிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது இது. நீ மார்க்கெட்டுக்குப் போயிருந்தாய். நான் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே பதினோரு சின்ன டப்பாக்கள் இருந்தன. ஒன்றிலும் சீட்டு இல்லை. ஒன்றில் பச்சையாக ஏதோ துண்டுகள். ஒன்றில் வெள்ளையாகக் கட்டி தட்டிய ஏதோ. இன்னொன்றில் இரண்டு வடைகள், வயது தெரியவில்லை. ஒன்றில் வாழைக்காய்த் தோல். தோல், பிரேமா. வாழைக்காய் இல்லை.

முப்பத்தேழு வருடம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் இருந்தவன் நான். சீட்டில் பெயர், வந்த இடம், வந்த நாள் மூன்றும் இருந்தால்தான் அது சரக்கு, இல்லாவிட்டால் கழிவு. அத்தனை வருடத்தில் ஒரு சீட்டில்கூட நான் ஊரை மாற்றி எழுதியதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் பதினொன்றையும் கொட்டினேன். பிறகு டப்பாக்களைக் கழுவித் துடைத்து, சின்னது பெரியது பார்த்து அடுக்கினேன். நீ வந்ததும் சந்தோஷப்படுவாய் என்றுகூட ஒரு எண்ணம் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

நீ வந்தாய். திறந்தாய். "உறைமோர் எங்க?" என்றாய். "எந்த உறைமோர்?" என்றேன். அந்தப் பதிலை இப்போது யோசித்துப் பார்த்தால், வேறு எது சொல்லியிருந்தாலும் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. அதற்கப்புறம் நீ துணி எடுத்து வைத்தாய். இரண்டே கால் பஸ்ஸில் போய்விட்டாய்.

இழப்பை ஈடு செய்துவிட்டேன். கடையில் பாக்கெட் தயிர் வாங்கி, அதே சின்ன டப்பாவில் ஊற்றி, இரண்டாவது தட்டில் இடது ஓரத்தில் அதே இடத்தில் வைத்திருக்கிறேன். அளவில் குறைவில்லை.

பீமராவ்


கே.கே. நகர்
12 ஜூன் 2024

இளவேனில் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அளவில் குறைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தாலும், அறுபத்திரண்டு கிலோவில் யாரையாவது என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அளவில் குறைவில்லை என்பீர்கள்.

அந்தப் பதினொன்றும் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பச்சைத் துண்டு தர்பூசணித் தோலின் உள்பக்கம். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்க இருந்தேன். போன மாதம் அதே கூட்டை "சுரைக்காய் பிஞ்சா இருக்கு" என்று சொல்லித் தின்றது நீங்கள்தான். வெள்ளைக் கட்டி முந்தின நாள் தேங்காய்ச் சட்னி. இரண்டு வடையும் அந்தச் சட்னியும் தயிரும் சேர்ந்தால் மோர்க்குழம்பு. வாழைக்காய்த் தோல் துவையலுக்கு. ரவை உப்புமா ஒரு டப்பா இருந்திருக்குமே, அது கொஞ்சம் அரிசிமாவு சேர்த்து சாயங்காலம் அடையாகியிருக்கும். மூன்று நாள் சமையலைக் கொட்டிவிட்டு டப்பாவைப் பளபளவென்று கழுவி வைத்தேன் என்று சொல்கிறீர்கள்.

அதெல்லாம் போகட்டும். மிச்சத்துக்காக வீட்டை விட்டு வருகிறவள் இல்லை நான். தயிரை யாரும் வழித்துத் தீர்த்துவிடக் கூடாது என்று தினமும் இரண்டு கரண்டி தனியாக எடுத்து வைப்பேனே, அது என் அம்மா கொடுத்தது. கல்யாணமாகி மூன்று நாள் கழித்துத் தொட்டியத்திலிருந்து பொன்மலை குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பும்போது, அம்மா ஒரு தூக்குச்சட்டியில் கொடுத்தாள். பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன். முசிறி தாண்டியதும் ஒரு பள்ளத்தில் தூக்கிப்போட்டு, பாதி என் பட்டுப்புடவையில் கொட்டியது. நீங்கள் கைக்குட்டை கொடுத்தீர்கள். "புடவையை விடு, சட்டியைப் பிடி" என்று சொன்னதும் நீங்கள்தான். உங்களைப் பிடித்துப்போனது அப்போதுதான். அதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நேற்று பதினொன்றாம் தேதி. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம். போன் செய்ய வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஆனாலும் மத்தியானம் வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

இங்கே எல்லா டப்பாவுக்கும் சீட்டு உண்டு. கறிவேப்பிலைக்குக்கூடத் தேதி போட்டு வைத்திருக்கிறாள். உங்கள் மகள் என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடுகிறார்கள். இந்த வீட்டு ஃப்ரிட்ஜில் எனக்கு வேலையே இல்லை.

பாக்கெட் தயிரை அந்த டப்பாவிலிருந்து எடுங்கள்.

பிரேமா


ஸ்ரீரங்கம்
16 ஜூன் 2024, ஞாயிறு

பிரேமலதாவுக்கு,

பாக்கெட் தயிர் எடுக்கப்பட்டது. கொட்டவில்லை. கொட்டுவதில் எனக்கு இருந்த துணிச்சல் போய்விட்டது. அதை வைத்து மோர்க்குழம்பு செய்தேன். வீட்டில் காய் என்று இருந்தது ஒரு பீட்ரூட் மட்டும். போட்டேன். குழம்பு என்ன நிறத்தில் வந்தது என்றால், நம் கல்யாணப் பத்திரிகை இருந்ததே, அந்த நிறம். சாப்பிடலாம். ஆனால் சாப்பிடும்போது தட்டைப் பார்க்கக் கூடாது.

மறுநாள் டாக்டர் சொன்ன ஓட்ஸ் பாதிப் பாக்கெட்டும், உன் மோர்மிளகாயும், இரண்டு துண்டு கருவாடும் இருந்தன. மூன்றையும் எதிரெதிரே வைத்து வெகுநேரம் பார்த்தேன். நீ இப்படித்தான் அடுப்புக்கு முன்னால் ஐந்து நிமிஷம் சும்மா நிற்பாய். களைப்பில் நிற்கிறாய் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். யோசிக்கிறாய் என்பது இப்போதுதான் தெரிகிறது. எனக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. முடிவில் மூன்றையும் தனித்தனியாகச் சாப்பிட்டேன்.

பந்த் குழம்பு ஞாபகம் இருக்கிறதா? பொன்மலையில், மூன்று நாள் கடையே திறக்காத அந்த சமயம். வீட்டில் மூன்று அப்பளம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாடின கத்திரிக்காய். அது தெரியாமல் நான் ஸ்டோர்ஸ் நண்பர்கள் இரண்டு பேரைச் சாப்பிடக் கூட்டி வந்துவிட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து நீ என்னைப் பார்த்த பார்வையை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் குழம்பு வந்தது. கடலையை வறுத்து அரைத்து, அப்பளத்தை ஒடித்துப் போட்டு. அப்துல் சலாம் மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு, "இதுக்கு என்னம்மா பேரு?" என்றார். நீ யோசிக்கவே இல்லை. "பந்த் குழம்புங்க" என்றாய். அன்றிலிருந்துதான் நம் வீட்டில் காய் பேரில் குழம்பு வைப்பது நின்றது. காரணத்தின் பேரில் வைக்க ஆரம்பித்தோம். வெள்ளத் துவையல், கரண்ட் போன கூட்டு, சித்தப்பா சொல்லாமல் வந்த ரசம். அப்துல் சலாம் ரிட்டையர் ஆகும் வரை கேன்டீனில் பந்த் குழம்பு கேட்டுக்கொண்டிருந்தார். பந்த் நடக்கும்போது கேன்டீன் இருக்காது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்தத் தயிர்தான் இருந்தது. எது சரியாக வராவிட்டாலும் தயிர் ஊற்றி முடித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவைதான் அது கொஞ்சம் இனித்தது. இளவேனிலின் ஆபரேஷன் முடிந்து வீடு வந்த வாரத்தில். பால்காரர் மாறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மற்றபடி முப்பத்தைந்து வருடமும் ஒரே தயிர்.

ஆகவே நேற்று தொட்டியம் போனேன். வந்த இடத்துக்கே போய்க் கேட்பதுதான் ஸ்டோர்ஸ் முறை. உன் தம்பி பூவரசன் வாழைத்தோப்பில் இருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"உறைமோருக்கா மாமா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமா. உங்க அம்மா உறை."

"அம்மா போனதோட அதுவும் போச்சு மாமா. மாட்டையும் வித்தாச்சு. இப்ப பாக்கெட்டுதான்."

வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவன் மனைவி உள்ளேயிருந்து, "அண்ணே, அக்கா சௌக்கியமா? கூட வரலையா?" என்றாள். அக்காவுக்குச் சௌக்கியம், மகள் வீட்டில் இருக்கிறாள் என்றேன். இரண்டும் உண்மை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அரைத்தார் மொந்தன் வாழைக்காயைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். மனைவி இல்லாத ஆளுக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்தாள்.

தொட்டியத்தில் உறை இல்லை. பஸ்ஸில் வரும்போது ஒன்று யோசித்தேன். இத்தனை வருடத்தில் நீ யாருக்காவது நம் உறையைக் கொடுத்திருப்பாய். கொடுத்த இடத்தில் அது உயிரோடு இருக்கும். யாருக்குக் கொடுத்தாய் என்று எழுது. நான் போய் வாங்கி வருகிறேன்.

பீமராவ்


கே.கே. நகர்
19 ஜூன் 2024

இளவேனில் அப்பாவுக்கு,

பூவரசன் போன் செய்தான். "மாமா உறைமோர் கேட்டு வந்தாரு, அக்கா. பஸ் ஏறும்போது வாழைத்தாரைக் குழந்தை மாதிரி தோள்ல சாச்சுக்கிட்டுப் போனாரு" என்றான். சிரித்தான். நானும் சிரித்துவிட்டு, போனை வைத்தபிறகு சிரிக்கவில்லை. முட்டி வலியோடு அவ்வளவு தூரம் யார் போகச் சொன்னது?

வாழைக்காயைப் பழுக்க விடாதீர்கள். ஒன்றை வறுவல், ஒன்றைப் பொடிமாஸ், தோலை எறிய வேண்டாம். தோலை முதலில் வேக வையுங்கள்; பச்சையாக வதக்கினால் துவர்க்கும். உளுந்து, காய்ந்த மிளகாய், புளி கொஞ்சம். தேங்காய் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை. எனக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இல்லாவிட்டால் பரவாயில்லை என்பதுதான் சமையலே.

ஓட்ஸையும் கருவாட்டையும் சேர்க்காமல் விட்டது நீங்கள் செய்த நல்ல காரியம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே பீட்சா வாங்கினார்கள். எல்லாரும் நடுவைத் தின்றுவிட்டு ஓரத்தை வைத்துவிட்டார்கள். காலையில் எழுந்து, யாரும் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தையெல்லாம் கிள்ளி, வெங்காயம் பச்சைமிளகாய் தாளித்து உப்புமா கிளறிவிட்டேன். இளவேனில் குதித்தாள். "அம்மா, அது குப்பைக்கு எடுத்து வச்சது!" மாப்பிள்ளை அரவிந்தன் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு, "அத்தை, இதுக்கு என்ன பேருங்க?" என்றார். கோவிச்சுக்கிட்டு வந்த உப்புமா என்று வாய்வரை வந்தது. மாப்பிள்ளையிடம் அப்படிச் சொல்ல முடியுமா? பிரெட் உப்புமா என்றேன். அந்தப் பேரில் ருசி குறைந்த மாதிரி எனக்குப் பட்டது.

உறைமோர் விஷயம். போனது போகட்டும். யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. நீங்கள் யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். டெல்பின் டீச்சரிடமும் கேட்க வேண்டாம்.

கடையில் வாங்கிய தயிரையே உறை ஊற்றிக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது அவ்வளவு கோபம் இல்லை.

பிரேமா


ஸ்ரீரங்கம்
22 ஜூன் 2024, சனி

பிரேமலதாவுக்கு,

டெல்பின் டீச்சரிடம் கேட்க வேண்டாம் என்று நீ எழுதியிருக்காவிட்டால் அவர் பெயர் எனக்குத் தோன்றியிருக்காது. கீழ் வீட்டில் இருபது வருடமாக இருக்கிறவர். நீயும் அவரும் மாடிப்படியில் டம்ளர் மாற்றிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். கேட்கக் கூடாது என்றது, அவர் முன்னால் நம் வீட்டு விஷயம் தெரிய வேண்டாம் என்பதற்காக என்று புரிந்துகொண்டேன். தெரியாமல் கேட்கலாம் என்று முடிவு செய்து, நான்கு வாழைக்காயோடு வியாழக்கிழமை சாயங்காலம் கீழே போனேன்.

தெரியாமல் கேட்க முடியவில்லை. கதவைத் திறந்ததும் டீச்சர், "என்ன சார், பிரேமா இன்னும் வரலையா?" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொட்டியம், தூக்குச்சட்டி, பட்டுப்புடவை, முப்பத்தைந்து வருடம், நான் சிங்க்கில் கொட்டியது. பிரேமா உங்களுக்கு எப்போதாவது எங்கள் உறை கொடுத்திருப்பாளே, அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு கரண்டி வேண்டும் என்றேன்.

டீச்சர் என் கையிலிருந்த வாழைக்காயைப் பார்த்தார்.

"பிரேமா என்ன சொல்லிச்சு?"

"யார்கிட்டயும் கேக்க வேணாம்னு எழுதியிருக்கா."

புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஏன் டீச்சர் என்றேன். பூனை என்றார். நான் பார்த்த வரையில் அங்கே பூனை எதுவும் இல்லை. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் உறை கொண்டுவந்து கொடுத்தார். "எடுத்துக்கங்க சார். உங்க வீட்டுதுதான்னு வச்சுக்கங்க" என்றார். நன்றாகப் பேசுகிறவர், அன்றைக்கு ஏன் அப்படிச் சுற்றிச் சொன்னார் என்று தெரியவில்லை.

பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூடு பார்த்து, உறை ஊற்றினேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திறந்து பார்த்தேன். உறைந்திருந்தது. டப்பாவைச் சாய்த்தேன், ஓடவில்லை. மத்தியானம் கடைசிச் சோற்றுக்கு ஊற்றிக்கொண்டேன். அதே தயிர், பிரேமா. எந்தச் சந்தேகமும் இல்லை. உங்கள் அம்மா கை.

இரண்டு கரண்டி தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

துவையலும் செய்தேன். தேங்காய் இல்லை, பரவாயில்லை. கொஞ்சம் மிஞ்சியது. டப்பாவில் போட்டு வைத்தேன். வறுவலின் அடியில் நின்ற பொடி, ஒரு கைப்பிடி சோறு, பாதி எலுமிச்சை ஆகியவையும் உள்ளே போயின. நாளை இவை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூடியை அழுத்தும்போது நாளைக்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்ற மாதிரி இருக்கிறது. நீ இதைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

தற்போது ஃப்ரிட்ஜில் ஏழு டப்பாக்கள் உள்ளன. ஒன்றிலும் சீட்டு இல்லை.

உறை கிடைத்துவிட்டது. இனி நீ அங்கே இருப்பதற்குக் காரணம் எதுவும் என் பார்வைக்குத் தென்படவில்லை. இருந்தால் எழுது.

பீமராவ்


கே.கே. நகர்
25 ஜூன் 2024

இளவேனில் அப்பாவுக்கு,

காரணம் இருக்கிறது. எழுதுகிறேன். மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதில் எழுதுகிறேன்.

டீச்சர் உங்களிடம் சொல்லியிருப்பார். இல்லை, சொல்லியிருக்க மாட்டார். எதுவானாலும் நானே சொல்லிவிடுகிறேன்.

2009. இளவேனிலுக்குக் குடல்வால் ஆபரேஷன். ஒன்பது நாள் நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன், நீங்கள் டிபன் கேரியரோடு அலைந்தீர்கள். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நடுவில் எப்போதோ கரண்ட் போய் வந்திருக்கிறது. உறைமோர் டப்பாவில் ரோஜா நிறத்தில் ஆடை கட்டியிருந்தது. நாற்றம். கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அப்புறம் எழுந்து கீழே போய், "டீச்சர், கொஞ்சம் உறைமோர் இருந்தா குடுங்க" என்று கேட்டேன். அவ்வளவுதான். டீச்சர் கொடுத்தார். அது எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது.

மறுநாள் மத்தியானம் நீங்கள் ஒன்பது நாள் ஓட்டல் சோறு சாப்பிட்ட வாயோடு உட்கார்ந்தீர்கள். தயிர் ஊற்றினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் உங்க அம்மா உறை தனிதான்" என்றீர்கள். இனிப்பாக இருந்தது என்று பதினைந்து வருடம் கழித்து இப்போது எழுதுகிறீர்கள். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அம்மா இன்னொரு தடவை போன மாதிரி ஆகிவிடும் என்று சொல்லவில்லை. நாள் ஆக ஆக எனக்கே அது அம்மா உறைதான் என்று ஆகிவிட்டது. தினமும் இரண்டு கரண்டி எடுத்து வைக்கும்போது அம்மாவை நினைத்துக்கொள்வேன். டீச்சரை ஒரு நாளும் நினைத்ததில்லை. நீங்கள் கொட்டியபோது எனக்கு வந்த கோபம் பொய் இல்லை. ஆனால் டீச்சர் வீட்டு உறைமோருக்காக உங்களைத் தொட்டியம் வரை அலைய விட்டேன். முட்டி வலிக்காரர். அரைத்தார் வாழைக்காயோடு.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. முப்பத்தேழு வருடம் ஊரை மாற்றி எழுதாதவர் நீங்கள். பதினைந்து வருடம் தினமும் மாற்றிச் சொன்னவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் அம்மா மண்டபம் ஸ்டாப்பில் இறங்குவேன். இளவேனில் பெரிய பை ஒன்று கட்டித் தருகிறாள், கனமாக இருக்கும். வெயிலும் தாங்க முடியவில்லை. நீங்கள் வருவதானால் ஒரு குடை கொண்டு வாருங்கள். வராவிட்டால் ஆட்டோ பிடித்துக்கொள்வேன்.

பிரேமா


ஸ்ரீரங்கம்
28 ஜூன் 2024, வெள்ளி

பிரேமலதாவுக்கு,

உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் எதுவும் என் கைக்கு வரவில்லை. இதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன். நீ ஏதாவது எழுதியிருந்தால், அதில் முக்கியமாக ஒன்றும் இருந்திருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன்.

டெல்பின் டீச்சர் அன்றைக்குப் பூனையைப் பற்றி மட்டும்தான் பேசினார். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

என் முட்டி நன்றாக இருக்கிறது. தொட்டியம் பயணத்தில் அதற்கு ஒரு குறையும் வரவில்லை. போகும்போது முசிறி தாண்டியதும் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாலம் போட்டுவிட்டார்கள். பஸ் தூக்கிப்போடவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

நேற்று சமையல்: துவையல் மிச்சம், ஒரு கைப்பிடி பழைய சோறு, வறுவல் பொடி, எல்லாவற்றையும் பிசைந்து தோசைக்கல்லில் தட்டினேன். ஓரம் மொறுமொறுவென்று வந்தது. கொஞ்சம் கீழே கொடுத்தேன். டீச்சர் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு சார், என்ன பேரு?" என்றார். நம் வீட்டு வழக்கப்படி காரணத்தின் பேர்தான் வைக்க வேண்டும். வைத்தேன். அதை நீ வந்து டீச்சரிடம் கேட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா மண்டபம் ஸ்டாப்பில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. குடை எடுத்துப் போகிறேன். பெரியதாக ஏதாவது பை இருந்தால் தூக்க இரண்டு கையும் காலியாக வைத்திருப்பேன். அதனால் குடையை வேறு யாராவதுதான் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஃப்ரிட்ஜில் இப்போது ஒன்பது டப்பாக்கள். எட்டில் சீட்டு இல்லை. இரண்டாவது தட்டில் இடது ஓரத்தில் இருக்கிற சின்ன டப்பாவுக்கு மட்டும் இன்று காலை ஒட்டினேன். தண்ணீர் பட்டாலும் அழியாத மையில் எழுதியிருக்கிறேன்:

தயிர் உறை.
வந்த இடம்: தொட்டியம்.
வந்த நாள்: 14-6-1989.

பீமராவ்